தேன் காது

“உனக்குக் காது கேக்கறதுக்கா, கம்மல் தொங்கறதுக்கா?”

மூன்றாம் வகுப்பில் சந்தியாகப்பன் வாத்தியார் மங்கம்மாளைப் பார்த்து இப்படித்தான் கேட்டார். ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று முறை சொல்லச் சொல்லியும் அவள் வாயைத் திறக்காமல் சுவரில் தலையைச் சாய்த்து நின்றதுதான் குற்றம். கம்மலே அவளுக்குக் கிடையாது. காது குத்திய துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகியிருந்தாள். உண்மையில் அவள் அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடச் சுவரும் உத்தரமும் சேரும் இடத்தில் தேனீக்கள் ஒரு தேன்குடியாகப் புதிதாக வந்து இறங்கியிருந்தன. ஏழாம் வாய்ப்பாட்டைவிட அது கேட்க நன்றாக இருந்தது. நான்காம் நாள் அந்தக் குடி கலைந்தபோது, கீழே சந்தவாசலிலிருந்து வந்த வாத்தியார் வேட்டியை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார். மலைமேல் மூன்று வருஷமாக அவர் சேர்த்து வைத்திருந்த மரியாதை அன்றைக்கே பள்ளத்தில் விழுந்தது. அடுத்த வாரம் மங்கம்மாளும் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மலைக்குப் பஸ் வந்தே மூன்று வருஷம் ஆகிறது. காவலூரைத் தாண்டி மூன்று மைலில் இருக்கும் அவள் ஊரில் சாமை விதைக்காதவர் இல்லை, புளி உலுக்காதவர் இல்லை. ஆனால் பொந்துத் தேன் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பாறைத் தேனுக்குக் கண் இருந்தால் போதும், அண்ணாந்து பார்த்தால் தொங்கும். பொந்துத் தேன் மரத்துக்குள் குடியிருப்பது. விடிகிற நேரத்தில், தேன்பூச்சி வெளியே கிளம்பும் முன், அடிமரத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைக்க வேண்டும். உள்ளே குடி இருந்தால் ‘உம்’ என்று ஒரு முனகல் எழுந்து அடங்கும். மங்கம்மாளின் இடது காது அதில் பேர்போனது. ஊரில் அதைத் தேன் காது என்றார்கள். வலது காது ஊர் வம்பு கேட்பதற்கு.

அந்தக் காது அவளுக்கு அப்பன் தீர்த்தகிரி கொடுத்தது. அவர் கொடுத்த இன்னொன்று ஓடைத் தான்றி. ஓடை விளிம்பில் நான்கு ஆள் கைகோத்தாலும் அணைக்க முடியாத தான்றி மரம். அதற்குள் இருந்த குடியை முதலில் கேட்டுக் கண்டுபிடித்து அடியில் மூன்று வெட்டு வெட்டியவர் அவர் என்பதால் அதன் தேன் அவருக்கு. ஆண் பிள்ளை இல்லாததால் அவருக்குப் பின் அவளுக்கு. இதில் ஊருக்கு ஒரு முறை உண்டு. வருஷா வருஷம் பங்குனியில் தேன் எடுக்க மரம் திறக்கும் முன், சொந்தக்காரர் ஊர்க்கவுண்டர் எதிரில் மரத்தில் காது வைத்து, உள்ளே குடி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து எதிர்க்காது வைக்கலாம். சொந்தக்காரர் தப்பாகவும் எதிர்க்காது வைத்தவர் சரியாகவும் சொன்னால் மரம் கை மாறும். இரண்டு பேருமே தப்பு என்றால் மரம் ஊர்ப் பொது. மங்கம்மாளுக்கு எதிர்க்காது வைக்கப் பதினோரு வருஷமாக எவனும் துணியவில்லை.

அப்பனிடமிருந்து வரக்கூடிய மூன்றாவது சொத்து ஒன்றும் இருந்தது. அதை நினைக்கத்தான் அவளுக்குப் பயம். கடைசி ஏழு வருஷம் தீர்த்தகிரிக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. சாகும்வரை அவர் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. எதிரில் இருப்பவரின் வாய் அசைவது நின்றதும் “அதான் சரி” என்பார். நான்கு பேர் சிரித்தால், அவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் இவர் ஆரம்பிப்பார். இப்படி ‘அதான் சரி’ சொல்லியே ஒரே வாரத்தில் மங்கம்மாளை இரண்டு மாப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் வெற்றிலைத் தட்டோடு கிளம்பினார்கள். மேற்கு வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்ததால் கிழக்கு வழியாக வந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். முனியன் புருஷன் ஆனான். இன்றைக்கும் அடுப்பு எரியாத நாட்களில் மங்கம்மாள் அந்த மேற்கு வழியை நினைத்துக்கொள்வாள்.

அந்த ஏழு வருஷமும் தான்றியில் காது வைத்தது தீர்த்தகிரி; கேட்டது, பக்கத்தில் சும்மா சாய்ந்து நிற்பதுபோல் நின்ற மகள். குடி இருந்தால் அவர் வேட்டியை ஒரு இழுப்பு. இல்லையென்றால் இழுப்பு இல்லை. ஊருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவரைப் புதைத்த இடத்தில் கற்பூரம் ஏற்றுவதை நிறுத்தியிருப்பார்கள்.

பங்குனி பிறந்த வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டபோது, மங்கம்மாளின் இடது காது அடைத்துக்கொண்டது. யாரோ ஈரச் சாக்கை உருட்டி உள்ளே திணித்ததுபோல. தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. வறுத்த புளியங்கொட்டையைக் கடித்தால் மண்டைக்குள் கல் உடைக்கிற சத்தம். வெளியே கோழி கத்துவது மட்டும் பக்கத்து ஊரிலிருந்து கேட்டது.

“தண்ணி பூந்திருக்கும்மே. தலைய சாச்சிகினு ஒத்தக்கால்ல குதி” என்றான் முனியன்.

குதித்தாள். கோழிதான் பயந்து ஓடியது.

அடுத்து பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய். அது உள்ளே போய் அங்கேயே குடியமர்ந்தது. பிறகு பக்கத்து வீட்டு சுந்தரம்மாள், பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆனவள், “தாய்ப்பாலுக்கு மிஞ்சின மருந்து இன்னா கீது” என்று தானே வந்து, மங்கம்மாளின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பீய்ச்சினாள். பாதி காதில், பாதி கண்ணில். அதன்பின் முனியன் பப்பாளித் தண்டு வழியாகப் பீடிப் புகையை ஊதினான். ஊதும்போது இருமல் வந்து புகையோடு வேறு சிலதும் உள்ளே போயின.

பூசாரி கோபால்சாமி திருநீறு போட்டுப் பார்த்துவிட்டு, “காளியாத்தா வந்து உக்காந்துகினு கீறா. ஒரு சேவல் குடுத்தா எறங்கிடுவா” என்றார்.

“இவ்ளோ பெரிய மலையில அவளுக்கு என் காதுதான் கெடச்சுதா? உங்க வாய் எப்பவும் தொறந்தேதானே கீது, அதுல போயி உக்காரச் சொல்லுங்க” என்றாள் மங்கம்மாள்.

முனியன் நட்சத்திரம் பார்க்கும் ஆபீசில் புல் வெட்டுகிறவன். அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

“எங்க ஆபீசுல இம்மாம் பெரிய கண்ணாடி கீது. கோடி மைல் தள்ளி கீறதுகூட அதுல தெரியுதாம். ஒங் காது ஒரு வெரல் ஆழம். ஐயாவக் கேட்டுப் பாக்கட்டா?”

“கேளுய்யா. அப்பிடியே ஒன் மண்டைக்குள்ள எதுனா கீதான்னும் பாக்கச் சொல்லு.”

வாய் இப்படிப் பேசியதே தவிர, புதன்கிழமைக்குள் அவளுக்குச் சோறு இறங்குவது நின்றிருந்தது. தான்றி திறக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் காது அடைத்த செய்தி சுந்தரம்மாளுக்குத் தெரியும். சுந்தரம்மாளுக்குத் தெரிந்தால் காவலூர் பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் ஐந்தாறு பெண்களோடு மங்கம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தபோது சக்கரவர்த்தி வந்து நின்றான். அவள் சித்தப்பன் மகன், வயதில் மூத்தவன், ஊரில் பொந்துத் தேன் தெரிந்த அந்த இரண்டாவது ஆள். எதைச் சொன்னாலும் ஊருக்கே சொல்வதுபோல் உரக்கச் சொல்வான். அதனால் எல்லாரும் அவனுக்கு அதிகாரம் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

“இன்னா மங்கா. காது போய்ட்சாமே.”

“எங்கியும் போவல அண்ணா. இங்கதான் ஒட்டிகினு கீது பாரு.”

பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தபிறகு சக்கரவர்த்தியும் சிரித்தான்.

“ஒங்கப்பனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. பொட்ட காதுல அது சீக்கிரமே வந்துட்ச்சு. நான் கவுண்டர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம எதிர்க்காது வெக்கிறேன். அது எங்க தாத்தன் காட்டு மரம். ஆம்பள கைக்கு வர்றதுதான் மொறை.”

“வெய்யி. காது ஒன்னுது, மரம் என்னுது” என்றாள்.

புளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நேரே ஓடைத் தான்றிக்குப் போனாள். நல்ல வெயில், பூச்சி போக்குவரத்து ஜரூராக இருக்க வேண்டிய நேரம். நாற்பது அடி உயரத்தில் பொந்தின் வாய் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு பூச்சி உள்ளே போகவில்லை, ஒன்று வெளியே வரவில்லை. தட்டிவிட்டு இடது காதை வைத்தாள். அவள் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. வலது காதை வைத்தாள். அது வம்புக்குப் பழகிய காது; ஓடைக் காற்றையும் தூரத்தில் யாரோ மாட்டைத் திட்டுவதையும் கேட்டுச் சொன்னது, மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடிமரத்தில் மூன்று வெட்டும் தழும்பேறி இருந்தன. அப்பனுக்கு வேட்டியை இழுக்க நான் இருந்தேன், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். பெற்ற மகன் வாணியம்பாடித் தோல் கம்பெனியில். முனியன் இழுத்தால் நேரம் தெரியாமல் இழுத்துச் சேலையே கையோடு போய்விடும். இனிமேல் நானும் எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா, சுந்தரம்மாளின் வாயைக்கூடவா?

மறுநாள் காலைப் பஸ்ஸில் திருப்பத்தூருக்குப் போனாள்.

காது டாக்டர் கிருபாவதி, ஒல்லியான, பொறுமை குறைந்த அம்மாள். மங்கம்மாள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“பூண்டு எண்ணெய், தாய்ப்பால், பீடிப் புகை. ஏன், இட்லி மாவு ஊத்தலயா? இருந்த சூட்டுக்கு வெந்திருக்குமே.”

“எங்க ஊர்ல இட்லி தீவாளிக்குத்தாங்க.”

டாக்டர் விளக்கு வைத்த புனலைக் காதில் நுழைத்துப் பார்த்தார். உள்ளே பெரிய அழுக்குக் கட்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார். பிறகு இரண்டு விரலை நீட்டியதுபோல் கவையாக இருந்த ஓர் இரும்பை எடுத்து, தன் முழங்கையில் தட்டி, இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார்.

மங்கம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மண்டைக்குள் ஒரு குடியே எழுந்து முனகியது. அதுவும் அடைத்த பக்கத்தில்.

“கேக்குதா?”

“ஐயோ, நல்லா கேக்குதுங்க. அந்தாண்ட காதவிட இதுலதான் ஜாஸ்தியா கேக்குது.”

“அதான். உள்ள நரம்பு நல்லா இருக்கு. வாசல்தான் அடைச்சிருக்கு. வாசல் அடைச்சா எலும்பு வழியா வர்ற சத்தம் இன்னும் பெருசா கேக்கும். நரம்பு போயிருந்தா எங்க வெச்சாலும் கேக்காது.”

“எங்கப்பனுக்கு எது போச்சுங்க?”

“அவர பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“அவரு மேல போய்ட்டாருங்க.”

“அப்ப நீங்களும் அவசரப்படாதீங்க. கட்டி கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. இப்ப இழுத்தா செவிப்பறை கிழிஞ்சிடும். இந்தச் சொட்டு மருந்த விட்டு ஊற வெச்சு, அடுத்த வியாழக்கெழம வாங்க.”

“ஞாயித்துக்கெழமைக்கே எனுக்குக் காது வேணுங்க.”

“ஞாயித்துக்கெழம என்ன, கல்யாணமா?”

“மரத்துல வெக்கணுங்க.”

அடைப்பு காதோடு நின்றிருக்கிறதா, இன்னும் மேலே ஏறியிருக்கிறதா என்று டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மங்கம்மாள் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். நெற்றியில் வைத்தார். தாடையில் வைத்தார்.

“பல்லுல வெச்சா இன்னும் நல்லா கேக்கும்” என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே. “கடிச்சுத்தான் பாருங்களேன்.”

மங்கம்மாள் கடித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மலைக்காரப் பெண் டாக்டரின் சாமானைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஊர் தான்றியடியில் கூடிவிட்டது. பனி இறங்கியிருந்தது. ஊர்க்கவுண்டர் மாதையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய பசி.

“சீக்கிரம் வெய்ங்க. என் வயிறு பேசறது காது வெக்காமியே கேக்குது” என்றார். முறையையும் சொன்னார். குடி இருந்தால் கூழாங்கல், இல்லையென்றால் இலை. சக்கரவர்த்தி தன்னுடையதை அவருடைய வலது உள்ளங்கையில் வைக்க வேண்டும், மங்கம்மாள் இடது கையில். இரண்டும் சேர்ந்த பிறகுதான் கையைத் திறப்பார்.

“சக்கரவர்த்தி, மொதல்ல நீ போ.”

சக்கரவர்த்தி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே பொந்தைப் பார்த்து நின்றான். அசையவில்லை. மாதையன் இரண்டாம் முறை சொன்னார். அப்போதும் அசையவில்லை. பூசாரி கோபால்சாமி அவன் தோளைத் தொட்டார். திரும்பி, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அதான் சரி” என்றான்.

அந்த வார்த்தையை, அந்த இழுவையோடு, மங்கம்மாள் ஏழு வருஷம் கேட்டிருக்கிறாள்.

சக்கரவர்த்தி தட்டினான். காதை வைத்துக் கண்ணை மூடினான். நெடுநேரம் அப்படியே நின்றான். கேட்கிறவனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு போய்க் கவுண்டரின் வலது கையில் வைத்தான், விரல்கள் மூடிக்கொண்டன.

மங்கம்மாள் தட்டினாள். முறைக்காக இடது காதை வைத்தாள். அதே ஈரச் சாக்கு. எடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கொடுவாளை உருவி, தன் வாய் உயரத்துக்கு ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். கத்தி பாதிவரை மரத்தில் இறங்கி நின்றது. கிட்டே போய் அதன் மரப்பிடியைப் பல்லால் கடித்தாள்.

“இன்னாமே, காலையில ஒண்ணும் துன்னலயா?” என்று ஒருத்தி கேட்டாள். ஊரே சிரித்தது.

“இது இன்னா மொறை?” என்று சக்கரவர்த்தி கத்தினான். “காத வெக்கறதுதான் மொறை. பல்ல வெக்கறது எந்த ஊர் மொறை?”

மாதையன் யோசித்தார். பசியில் யோசிப்பது அவருக்குக் கஷ்டம்.

“காத வெக்கணும்னு மொறையில கீது. வெச்சிட்டா. அப்பறமா மரத்தக் கடிக்கக் கூடாதுன்னு மொறையில இல்ல. கடிக்கட்டும். மரத்துக்கு வலிச்சா அது சொல்லும்.”

முதலில் வெட்டின அதிர்வுதான் பல்லில் இருந்தது. அது அடங்கியது. அதற்கடியில், மேலே எங்கிருந்தோ, இன்னொன்று எழுந்தது. தாடை வழியாக ஏறி அடைத்த காதுக்குள் போய் நிறைந்தது. இத்தனை வருஷத்தில் தான்றி இவ்வளவு சத்தமாக அவளிடம் பேசியதில்லை.

ஆனால் மூன்று நாள் மத்தியானம் வந்து பார்த்திருக்கிறாள். பொந்தில் ஒரு பூச்சி இல்லை. இலையை எடு என்றது கண், கல்லை எடு என்றது பல். கண் அவளை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பெரிதாக ஏமாற்றியிருந்தது, முனியனை முதன்முதலில் பார்த்த அன்று. அந்த ஒன்று போதும் என்று தோன்றியது. கல்லை எடுத்துப் போய்க் கவுண்டரின் இடது கையில் வைத்தாள்.

மாதையன் இரண்டு கையையும் திறந்தார். வலது கையில் இலை. இடது கையில் கல்.

“முனியா, ஏறு.”

முனியன் புகைப்பந்தத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். பொந்தின் வாய்வரை போனான். உள்ளே பார்த்தான்.

“இங்க ஒண்ணும் இல்லீங்க. ஒட்டட கட்டிகினு கீது.”

அவன் மறுப்பாகத் தலையாட்டியது கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சக்கரவர்த்தி மீசையைத் தடவினான். மங்கம்மாள் மூன்று வெட்டுத் தழும்பைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அப்போது மேலே புகை சுற்றிக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம், ஓடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பக்கம் போனது. அங்கே இருந்த ஒரு வெடிப்பிலிருந்து குடி மொத்தமும் வெளியே வந்து முனியனின் முதுகில் இறங்கியது. பழைய வாசலை அடைத்துவிட்டுப் பூச்சிகள் பின்பக்கம் புது வாசல் வைத்திருந்தன. ஓடைக்குள் விழாமல் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

முனியன் இறங்கவில்லை, வந்து சேர்ந்தான். உதடு இரண்டும் வடைபோல் ஆகியிருக்க, “அந்தாண்ட கீதுங்க” என்று சொல்லிவிட்டுச் சாணிக் குழியைத் தேடி ஓடினான். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாதையன்கூடப் பசியை மறந்து சிரித்தார்.

சக்கரவர்த்தி ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். யாரும் அவனுக்கு விளக்கவில்லை. எல்லாருக்கும் காதால் கேட்டதுதானே. பிறகு, எல்லாரும் சிரித்து முடித்த நேரத்தில், அவனும் சிரித்தான். தனியாகச் சிரித்தான். தோற்றவன் எதற்குச் சிரிக்கிறான் என்று எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மங்கம்மாள் மட்டும் பார்க்காமல் கொடுவாளைப் பிடுங்கப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை கிருபாவதி டாக்டர் அவள் காதுக்குள் பெரிய பீச்சாங்குழலால் வெந்நீர் அடித்தார். மூன்றாவது அடியில் தட்டில் ஏதோ விழுந்தது. வேப்பங்கொட்டை அளவில் பழுப்பான உருண்டை. டாக்டர் அதை இடுக்கியால் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இது காது அழுக்கு மட்டும் இல்லையே. தேன் வாசனை வருது.”

மங்கம்மாளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேன் எடுக்கும்போது பூச்சி நுழையாமல் இருக்க இரண்டு காதையும் தேன்மெழுகால் அடைத்துக்கொள்வது வழக்கம். போன பங்குனியில் இடது காதிலிருந்து எடுத்தபோது பாதிதான் வந்தது. மீதி ஓடையில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அது ஒரு வருஷம் உள்ளே மூலையில் ஒட்டிக்கிடந்து, அழுக்கைச் சேர்த்துக்கொண்டு, சுடுதண்ணீர் பட்டதும் இளகி வழியை அடைத்திருக்கிறது. காளியாத்தாவும் இல்லை, அப்பனும் இல்லை. அவள் திருடிய வீட்டின் சுவரில் ஒரு துண்டு.

தெருவுக்கு வந்தாள். பஸ் ஹாரன், சைக்கிள் மணி, ஒரு லாரிக்காரனும் வண்டிக்காரனும் ஒருவர் வம்சத்தை ஒருவர் விசாரித்துக்கொள்வது எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. திருப்பத்தூர் இவ்வளவு கெட்ட வார்த்தை பேசும் ஊர் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றையும் விடாமல் நின்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சக்கரவர்த்தி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முனியன் வேலைக்குப் போயிருந்தான். இவன் உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. உரலின் விளிம்பைத் தடவிக்கொண்டு, அவள் இடது காதைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தான்.

“இன்னா அண்ணா” என்றாள்.

அவன் அவள் உதட்டைப் பார்த்தான்.

சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். டாக்டர் இருக்கும் தெரு, பஸ் நேரம், இரும்புக் கவையைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பது. மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் சுந்தரம்மாளுக்குக் கேட்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொட்ட காது என்று ஆறு பேர் நடுவில் கத்தினவன்தானே, நாமும் ஒரு தடவை கத்தினால் என்ன என்று மங்கம்மாளுக்குத் தோன்றாமல் இல்லை. வாயைக்கூடத் திறந்தாள்.

மூடிக்கொண்டு உள்ளே போய்க் கொடுவாளை எடுத்து வந்தாள். சக்கரவர்த்தி ஓரடி பின்வாங்கினான். அவள் அதை வாசக்காலில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்தினாள். பிடியைக் காட்டினாள். தன் பல்லைக் காட்டினாள். அவன் மீசைக்குக் கீழே காட்டினாள்.

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. குனிந்து கடித்தான்.

மங்கம்மாள் உள்ளே போய், அவன் பார்வை படாத சுவருக்குப் பின்னால் நின்று, வாசக்காலின் மறுபக்கத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தாள். அவன் கை மெல்ல எழுந்தது. மூன்று விரல்.

இரண்டு தட்டினாள். இரண்டு விரல்.

பிறகு தட்டாமல் இருந்தாள். அப்பனாக இருந்தால் இந்நேரம் ‘அதான் சரி’ என்றிருப்பார். சக்கரவர்த்தி காத்திருந்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, கத்திப்பிடியை விடாமல் காத்திருந்தான். விரல் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இல்லை என்பதுபோல் உள்ளங்கையை மட்டும் ஆட்டினான்.

இவனுக்கும் வாசல்தான் அடைப்பு என்று அவள் வெளியே வந்தாள். டாக்டர் கொடுத்திருந்த மருந்துச் சீட்டில் தெருப்பேரும் கதவு எண்ணும் அச்சடித்திருந்தன. அதை நீட்டி, பஸ் வரும் பக்கம் கையைக் காட்டி, ஏழு விரலை விரித்துக் காட்டினாள்.

சக்கரவர்த்தி சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். வாசக்காலிலிருந்து கொடுவாளை அசைத்து அசைத்து உருவினான். பிடியைத் துண்டால் ஒருமுறைக்கு இருமுறை துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தான். வேலிக்கு மேல் சுந்தரம்மாளின் தலை எழும்பும்போது அவன் தெருவில் இறங்கியிருந்தான். ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவன், ஒரு வார்த்தை சொல்லாமல் போனான்.